பாறையில் படுத்த முயலும் வாலில் மூன்று கோடு போட்ட எலியும்

கோரைமடு என்ற குளத்தின் கரையில் ஒரு முயலும் ஓர் அணிலும் வாழ்ந்தன. முயலின் பெயர் செம்பி. அணிலின் பெயர் இலந்தை.

அந்த இரண்டும் சேர்ந்து அடித்த கொட்டம் இருக்கிறதே! காலையில் செம்பி பனி ஈரம் காயாத புல்லில் புரண்டு புரண்டு எழுந்திருக்கும். இலந்தை வேப்பமரத்திலிருந்து தலைகீழாக இறங்கி வந்து, "மகாராணி குளிச்சாச்சா?" என்று கேட்கும். "ஆச்சு! நீயும் வாடி!" என்று செம்பி அதையும் புல்லுக்குள் இழுத்துப் போடும். பிறகு பந்தயம். ஒன்று தரையில் ஓடும், மற்றது கிளை கிளையாகத் தாவி ஓடும். எப்போதும் செம்பிதான் ஜெயிக்கும். தோற்றதற்கு இலந்தை தினமும் ஒரு புதுச் சாக்கு சொல்லும்.

முயல் வளை தோண்டாது, தெரியுமில்லையா? உயரமான புல்லுக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து, தன் உடம்பு அளவுக்கு ஒரு குழிவு உண்டாக்கிக்கொள்ளும். அதுதான் அதற்கு வீடு, கட்டில், எல்லாம். செம்பியின் குழிவு வேப்பமரத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. மதிய வெயிலில் இரண்டும் அதற்குள் நெருக்கியடித்துப் படுத்துக் காட்டுக்கதை எல்லாம் பேசும். அந்த நாட்களை நினைத்தால் எனக்கே ஏக்கமாக இருக்கிறது.

ஏனென்றால், நான் சொல்ல வந்த கதை நடந்தபோது அந்த இரண்டும் பேச்சை நிறுத்திப் பல நாள் ஆகியிருந்தது.

கோடையில் காடு முழுக்கக் காய்ந்தாலும் கோரைமடுவில் மட்டும் தண்ணீர் இருக்கும். சின்னப் பிராணிகள் எல்லாம் அங்கேதான் குடிக்க வரும். அவற்றைப் பிடிக்கக் காட்டுப்பூனையும் வரும். அதனால் மடுவில் ஒரு வழக்கம். மற்றவை குடிக்கும்போது, முறை வைத்து ஒரு பிராணி கரையோரக் கோரைப்புல்லுக்குள் மறைந்து நின்று காவல் காக்க வேண்டும். காவல் நிற்காதவருக்குத் தண்ணீர் கிடையாது.

அடிபட்டவருக்கு மட்டும் விலக்கு உண்டு. அதுவும் காயத்தின் பொருக்கு உதிரும் வரைதான். பொருக்கு உதிர்ந்தால் வலி போயிற்று. வலி போயிற்று என்றால் கோரைக்குள் போய் நில்! இதில் பேச்சுக்கே இடமில்லை. இந்த வழக்கத்தைக் காப்பாற்றுவது முள்ளப்பர் என்ற முள்ளம்பன்றியின் வேலை.

போன மழைக்காலத்தில், யாரோ கட்டிவைத்த கம்பிக் கண்ணியில் செம்பியின் பின்னங்கால் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்கக் கம்பி இறுகியது. இலந்தைதான் கத்திக்கொண்டே ஓடி வந்து, கண்ணி கட்டியிருந்த குச்சியைப் பல் வலிக்க வலிக்கக் கொறித்துத் தோழியை விடுவித்தது.

காயம் ஆறியது. பொருக்கு உதிர்ந்தது. முடி முளைத்துத் தழும்பைக்கூட மூடிவிட்டது. ஆனால் செம்பி காவலுக்கு வரவில்லை.

"கால்ல ஏதாச்சும் பட்டா எரியுது" என்றது செம்பி.

"என்ன பட்டா?" என்று கேட்டார் முள்ளப்பர்.

"புல்லு பட்டா. காத்து பட்டாக்கூட."

சுற்றி நின்றவை எல்லாம் கொல்லென்று சிரித்தன. முதலில் சிரித்தது காட்டுச்சேவல் கொண்டையன். "காத்து பட்டா எரியுதாம்! காதுல பூ சுத்தறதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்று அது கொக்கரித்தது. அதற்குப் பிறகு செம்பி தன் காலைப் பற்றி ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை.

முதலில் இலந்தை தோழிக்காகப் பரிந்து பேசியது. "அவ முறையை நானே பார்த்துக்கறேன், விடுங்க" என்று இரண்டு பேருடைய காவலையும் தானே நின்றது. கோடை வந்தது. நின்று நின்று கால் கடுத்தது. தன் குட்டிகளுக்கு இரை தேட நேரமில்லை. செம்பியோ ஓட வருவதில்லை, புல்லில் புரள வருவதில்லை. கூப்பிட்டால் "அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டு மொட்டைப் பாறைமேல் போய்ப் படுத்துக்கொண்டது. பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தால் வெடுக்கென்று தள்ளிப் போனது.

"ஓகோ! நான் வேணாம், என் உழைப்பு மட்டும் வேணுமா?" என்று இலந்தைக்கு மனம் விட்டுப் போயிற்று. அன்றோடு பேச்சை நிறுத்தியது; காவலை மட்டும் விடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மூணுகோடன் வந்து சேர்ந்தது.

மூணுகோடன் ஒரு எலி. சுண்ணாம்பு வெள்ளை உடம்பு, சிவப்புக் கண், வாலில் மையால் போட்ட மூன்று கறுப்புக் கோடு. அது ஆய்வுக்கூடத்தில் பிறந்து வளர்ந்த எலி. கூண்டுகளை ஏற்றிப்போன வண்டி மலைவளைவில் ஒரு குலுக்குக் குலுக்க, ஒரு கூண்டு உருண்டு விழுந்து கதவு திறந்துகொண்டது. எலி இறங்கி நடந்து மடுவுக்கு வந்துவிட்டது.

வந்தது சும்மா இருந்ததா? "எங்க எடத்துல..." என்று ஆரம்பித்தால் நிறுத்தாது. "எங்க எடத்துல வெயிலே கிடையாது! எங்க எடத்துல தண்ணி குழாய்ல வரும், நாக்கால தொட்டாப் போதும்! எங்க எடத்துல வெள்ளைக் கோட்டு போட்டவங்கதான் எங்களைத் தூக்குவாங்க!" கேட்டவர்களுக்குக் காது புளித்துப் போயிற்று.

"அவ்வளவு பெரிய எடத்துலேருந்து வந்தவருக்கு, படுக்க நாலு இலை பொறுக்கிப் போட்டுக்கத் தெரியலையே!" என்று கொண்டையன் கிண்டல் செய்தது. உண்மைதான். வந்த நாளிலிருந்து எலி ஒரு வேர் இடுக்கில் வெறும் மண்ணில்தான் படுத்துக் கிடந்தது. சோம்பேறி என்று எல்லாம் அத்துடன் விட்டுவிட்டன.

ஒருநாள் இலந்தை பொறுமை இழந்து முள்ளப்பரிடம் போய், "இனிமே என்னால முடியாது. அவ முறைக்கு அவளே நிக்கட்டும்!" என்று முறையிட்டது.

முள்ளப்பர் செம்பியைக் கூப்பிட்டார். "இன்னிக்குச் சாயங்காலம் உன் காவல். கோரைக்குள்ளே நிக்கணும், ஆமாம்!"

செம்பி நின்றது. காற்றில் கோரை இலைகள் ஆடின. ஒவ்வொரு இலையும் அதன் பின்னங்காலை உரசியது. செம்பி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தது. முடியவில்லை. கோரையை விட்டு வெளியே பாய்ந்து வெறும் மணலில் போய் நின்று காலை நக்கியது. அந்த நேரம் பார்த்துக் காட்டுப்பூனை பாய்ந்தது!

நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. கொண்டையனின் வால்தான் போயிற்று. வளைந்து வளைந்து பளபளவென்று இருந்த அத்தனை இறகும் பூனையின் வாயில்! கொண்டையன் பெரிய வாயாடி, எனக்கும் அதைக் கண்டால் ஆகாது. ஆனாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். சேவலுக்கு வால் போவது சின்ன விஷயமா?

மறுநாள் காலையில் மடுக்கரையில் கூட்டம் கூடியது.

"இவ நடிக்கிறா!" என்று கொண்டையன் மொட்டைப் பின்புறத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டியது. "காயம் எங்கே? ரத்தம் எங்கே? காட்டச் சொல்லுங்க!"

முள்ளப்பர் செம்பியின் காலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வழவழவென்று முடிதான் இருந்தது. "ஒண்ணும் காணோமேம்மா" என்றார்.

செம்பி தலையைக் குனிந்துகொண்டது.

"இலந்தை, நீ அவ சிநேகிதி. நீ என்ன சொல்றே?"

இலந்தை வேறு பக்கம் பார்த்தது. "அவளைப் பத்தி எனக்கு இப்ப ஒண்ணும் தெரியாது" என்றது. செம்பியின் இரண்டு காதுகளும் முதுகோடு படிந்துவிட்டன.

அப்போது, "நிறுத்துங்க!" என்று ஒரு கீச்சுக் குரல் கேட்டது. மூணுகோடன் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றது. "காயத்தைப் பார்த்து வலியைச் சொல்றதா? எங்க எடத்துல..."

"ஆரம்பிச்சுட்டான்!" என்று கொண்டையன் அலுத்துக்கொண்டது.

எலி தன் தொடையைத் திருப்பிக் காட்டியது. அங்கே தையல் போட்ட ஒரு தழும்பு இருந்தது. "இதைப் பாருங்க. என் கூடப்பிறந்தவன் ரெண்டுகோடன். அவனுக்கும் இதே இடத்துல இதே தழும்பு. அவன் காலைத் திறந்து, உள்ளே ஓடற நரம்பை நூலால கட்டிட்டுத் தைச்சாங்க. என் காலைத் திறந்து, நரம்பைத் தொடாம அப்படியே தைச்சுட்டாங்க."

"அது எதுக்கு?" என்றார் முள்ளப்பர்.

"ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கறதுக்கு. வெளியே பார்த்தா ஒரே மாதிரி. எனக்கு வலி இல்லை. அவன் கால்ல ஒரு முடி பட்டாலும் துடிச்சுப் போவான்."

"அட பாவிகளா!" என்றார் முள்ளப்பர். "நல்லா இருக்கிற நரம்பை எதுக்குக் கட்டணும்?"

"மனுஷங்கள்ல நிறையப் பேருக்கு இந்த மாதிரி வலி இருக்காம். வெளியே ஒண்ணுமே தெரியாதாம். யாரும் நம்ப மாட்டாங்களாம். அதுக்கு மருந்து கண்டுபிடிக்கத்தான் எங்களை வச்சுப் பார்த்தாங்க."

"கண்டுபிடிச்சாங்களா?"

"தெரியாது. எங்களுக்கு யார் வந்து சொல்லப் போறாங்க?"

எலியே தொடர்ந்தது. "கால்ல எது பட்டாலும் தலைக்குச் சேதி கொண்டுபோறது நரம்புதான். அது நசுங்கிட்டா சேதி தப்பாப் போகும். பூ பட்டாலும் நெருப்பு பட்டுதுன்னு சொல்லும். செம்பி காலைக் கம்பி இறுக்கிச்சே, அதுல நரம்பு நசுங்கியிருக்கும். நான் சோதிச்சுக் காட்டறேன், பாருங்க!"

பார்க்கவேண்டுமே அப்போது எலியின் மிடுக்கை! வேப்பமரத்தடியில் மண் அரித்துப் போய், வேர்கள் பின்னிக் கிடந்த ஒரு பள்ளம் இருந்தது. சோதனைக்கு வருபவர் வேர்களின்மேல் நிற்க வேண்டும். எலி கீழே பள்ளத்தில் இறங்கி, இடுக்கு வழியாக உள்ளங்காலைத் தொடும். முதலில் அணில் வாலின் மெல்லிய முடி. அடுத்து காட்டுப்பன்றியின் முரட்டு முடி. கடைசியில் முள்ளப்பர் உதிர்த்த முள்.

"எந்த முடிக்குக் காலை இழுக்கறாங்களோ, அதுதான் கணக்கு" என்றது எலி. "முதல்ல வலி இல்லாதவர் ஒருத்தர் வாங்க!"

கொண்டையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறியது. அணில் முடி பட்டது. ஒன்றும் இல்லை. பன்றி முடி பட்டது. "கூசுது, அவ்வளவுதான்" என்றது. முள் பட்டது. "கொக்கரக்கோ!" என்று எகிறிக் குதித்து முள்ளப்பர் மேலேயே போய் விழப் பார்த்தது. எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன.

அடுத்து செம்பி ஏறியது. சிரிப்பு நின்றது. எல்லாக் கண்ணும் அதன் காலைப் பார்த்தன. எலி கீழேயிருந்து அணில் முடியால் தொட்டது.

கால் அசையவில்லை.

எலி திகைத்துப் போய்ப் பன்றி முடியால் தொட்டது. அசையவில்லை. முள்ளால் தொட்டது. அதற்கும் அசையவில்லை! செம்பி கண்ணை அகல விழித்தபடி கல்லாக நின்றது.

"பார்த்தீங்களா! முள்ளு குத்தினாலே வலிக்கலை, இவளுக்குக் காத்து பட்டா எரியுதாம்!" என்று கொண்டையன் கூவியது. எலிக்கு ஒன்றுமே புரியவில்லை.

முள்ளப்பர் இன்னொரு முறை செம்பியின் காலைப் பார்த்தார். பிறகு, "பொழுது சாயறதுக்குள்ளே நீ மடுவை விட்டுப் போயிடணும் செம்பி. இனிமே உனக்கு இங்கே தண்ணி கிடையாது" என்றார். அடுத்த தண்ணீர் மலைக்கு அந்தப் பக்கம். இந்தக் கோடையில் தனியாக அங்கே உயிரோடு போய்ச் சேரும் முயல் உண்டா? அது எல்லோருக்கும் தெரியும். செம்பி மெல்ல நடந்து பாறைப் பக்கம் போயிற்று.

கூட்டம் கலைந்தது. எலி தன் வேர் இடுக்கில் போய்ச் சுருண்டது. கொஞ்ச நேரத்தில் இலந்தை விறுவிறுவென்று இறங்கி வந்தது. அதன் கண் கலங்கியிருந்தது.

"ஏன்டா, உன் சோதனை தப்பாப் போகுமா, போகாதா?"

"உனக்கென்ன? நீதானே அவளைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னே?"

"கோபத்துல சொல்லிட்டேன்டா! செத்துப் போன்னா சொன்னேன்? பதில் சொல்லு!"

எலி தலையைச் சொறிந்தது. "எங்க எடத்துல சோதனைக்கு முன்னாடி எங்களை அந்த எடத்துல சும்மா உட்கார வச்சுப் பழக விடுவாங்க. பயம் தெளிஞ்சப்புறம்தான் தொடுவாங்க. அவசரத்துல நான் அதை விட்டுட்டேன். முயல் பயந்தா அசையவே அசையாது, இல்லே?"

"அசைஞ்சா பூனைக்குத் தெரிஞ்சுடுமே! அதுலயும் நொண்டற முயலைத்தான் பூனை முதல்ல பிடிக்கும். அவங்க இனத்துல உயிரே போனாலும் நாலு பேர் முன்னாடி காலைக் காட்ட மாட்டாங்க."

எலி நிமிர்ந்து உட்கார்ந்தது. அதற்குத் தன் கூடப்பிறந்தவன் ஞாபகம் வந்துவிட்டது.

"ரெண்டுகோடனும் ஒருநாள் அப்படித்தான்" என்றது. "மருந்து கொடுத்துட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. அவன் காலை இழுக்கலை. வலி போயிடுச்சுன்னு கோட்டுக்காரங்க எல்லாம் ஒரே சந்தோஷம். கண்ணாடி போட்ட ஒரு அக்கா மட்டும் மறுநாள் காலையில எங்க கூண்டைக் குனிஞ்சு பார்த்தாங்க. அவங்க தினமும் அப்படித்தான், கூண்டுக் குப்பையைப் பார்த்துட்டு நிப்பாங்க. எனக்குச் சிரிப்பா வரும்."

"குப்பையில என்ன இருக்கு?"

"படுத்துக்க எங்களுக்குக் காகிதம் போடுவாங்க. நான் கிழிப்பேன். ரெண்டுகோடன் அடுக்குவான். அவனை மாதிரி அடுக்க ஆளே கிடையாது. மெத்துமெத்துன்னு கூடு வந்துடும். அதுக்குள்ளே ஒருத்தன் மேல ஒருத்தன் படுத்துத் தூங்குவோம். காலைக் கட்டினப்புறம் அவன் அடுக்கறதையே விட்டுட்டான். நான் கிழிச்ச காகிதம் அப்படியே கிடக்கும். அன்னிக்கு அந்த அக்கா அதைப் பார்த்துட்டு, 'இவன் இன்னும் கூடு கட்டலை, இவனுக்கு வலி போகலை'ன்னு சொன்னாங்க."

சொல்லிவிட்டு எலி சட்டென்று அணிலின் பக்கம் திரும்பியது. "இலந்தை! செம்பி முன்னாடியெல்லாம் என்ன செய்வா? எது அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்?"

"என்னவா?" இலந்தைக்குப் பேச்சு பொங்கிக்கொண்டு வந்தது. "விடிஞ்சா ஈரப்புல்லுல புரளணும் அவளுக்கு! அது இல்லாட்டி அன்னிக்குப் பூரா முகத்தைத் தூக்கி வச்சுப்பா. மத்தியானம் அவ குழிவுல படுத்துக்கணும். என்னையும் இழுத்து வச்சு நெருக்கிக்கிட்டுத்தான் படுப்பா. 'உன் வால் மெத்தையா இருக்குடி'ம்பா. என்ன நாள் தெரியுமா அதெல்லாம்!"

"இப்ப?"

"இப்ப அந்த மொட்டைப் பாறைமேல தனியா படுத்துக்கறா. திமிரு!"

"இந்த வெயில்லயா? சுடற பாறையிலயா?"

அடுத்த கணம் இலந்தை விழுந்தடித்துக்கொண்டு செம்பியின் குழிவுக்கு ஓடியது. எலியும் பின்னாலேயே ஓடியது.

குழிவைக் காணோம்.

வருஷக்கணக்காக ஒரு முயல் படுத்துப் படுத்து அழுந்தியிருந்த இடத்தில் புல் முளைத்து, நிமிர்ந்து, பக்கத்துப் புல்லோடு சேர்ந்து நின்றது. கண்ணி காலைப் பிடித்த நாளிலிருந்து செம்பி அங்கே படுக்கவே இல்லை. வேப்பமரத்திலிருந்து எட்டிப் பார்த்தாலே தெரிகிற இடம்தான். கோபத்தில் இருந்த இலந்தை அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

"ஐயோ செம்பி!" என்று இலந்தை வாய்விட்டு அழுதது. "தள்ளித் தள்ளிப் போனியே, என் வால் பட்டு வலிச்சுதாடி?"

எலி அதை அழ விட்டுவிட்டு முள்ளப்பரை அழைத்துவர ஓடியது. கொண்டையனும் கூப்பிடாமலேயே பின்னால் வந்தது. முள்ளப்பர் புல் மூடிய இடத்தைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "வலி இருக்குன்னு சொல்ல இது போதாதே" என்றார்.

"போதாதுதான். சத்தம் போடாம என்கூட வாங்க" என்றது எலி.

நாலும் பாறைக்கு இந்தப் பக்கம் ஒரு புதருக்குப் பின்னால் பதுங்கின. பாறைமேல் செம்பி ஒருக்களித்துப் படுத்திருந்தது. பின்னங்கால் எதிலும் படாமல் அந்தரத்தில் இருந்தது. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று அது நினைத்துக்கொண்டிருந்தது.

காற்று வீசியது. வேப்பமரம் பூத்திருந்த காலம் அது. ஒரே ஒரு வேப்பம்பூ பறந்து வந்து செம்பியின் காலில் விழுந்தது.

செம்பி துடித்து எழுந்தது! காலை உதறியது, நக்கியது, ஒரு சுற்றுச் சுற்றியது. படுக்கப் பார்த்தது, முடியவில்லை. மறுபடி நக்கியது. வாயிலிருந்து ஒரு சத்தம்கூட வரவில்லை.

"பூவா?" என்றார் முள்ளப்பர். "வேப்பம்பூவுக்கா இப்படி?"

கொண்டையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. காற்றைப் பற்றித் தான் அடித்த கேலி அதற்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

முள்ளப்பர் புதரை விட்டு வெளியே வந்தார். வெடவெடவென்று ஆடும் தன் முள்ளை எல்லாம் அடக்கிக்கொண்டு, பாறைக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றார். "செம்பி, நாங்க நம்பியிருக்கணும்மா. தப்பு எங்களோடது. நீ எங்கேயும் போக வேணாம். காவலும் நிக்க வேணாம்."

"காவல் நிக்க மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்?" என்றது செம்பி. "கோரைக்குள்ளே நிக்க முடியாதுன்னுதான் சொல்ல வந்தேன். இங்கே வந்து பாருங்க. இந்தப் பாறைமேலேருந்து மடு மொத்தமும் தெரியுது. பூனை வர்ற வழியும் தெரியுது."

முள்ளப்பர் ஏறிப் பார்த்தார். அப்படியே தெரிந்தது! "இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"அதுக்குள்ளே எல்லாரும் சிரிச்சுட்டீங்களே!"

அன்று சாயங்காலமே செம்பி பாறைமேல் காவல் இருந்தது. பூனை புதரை விட்டுத் தலையை நீட்டுவதற்குள் குரல் கொடுத்துவிட்டது. முதலில் பறந்து தப்பித்தது யார் தெரியுமா? கொண்டையன்! வால் இல்லாததால் முன்னைவிட வேகமாகப் பறந்தது என்று எல்லாம் பேசிக்கொண்டன.

பொருக்கு உதிர்ந்தால் வலி போயிற்று என்ற கணக்கை முள்ளப்பர் அன்றே தூக்கிப் போட்டார்.

செம்பியின் கால் குணமாயிற்றா என்று கேட்பீர்கள். இல்லை. சில நாள் பரவாயில்லை, சில நாள் மோசம். ஈரப்புல்லில் புரள்வது பழைய கதையாகவே போயிற்று. இலந்தை ஒருநாள் இலவம்பஞ்சை வாய் நிறைய அள்ளிக்கொண்டு பாறைக்குக் கிளம்பியது. "அடி, அவளுக்குப் பஞ்சும் முள்ளும் ஒண்ணுதான்!" என்று எலி தடுத்துவிட்டது. அதனால் இலந்தை மதிய நேரத்தில் செம்பியின் நல்ல காலுக்குப் பக்கத்தில், வால் படாமல் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து கதை பேசியது. இடையில் ஒரு சாண் தூரம் இருந்தது. ஆனாலும் பழைய பேச்சு, பழைய சிரிப்பு.

அப்படி ஒருநாள் கதை பேசிவிட்டுத் திரும்பும்போது, இலந்தை எலியின் வேர் இடுக்கைக் குனிந்து பார்த்தது. உள்ளே வெறும் மண். ஒரு சருகுகூட இல்லை.

"மூணுகோடா, ரெண்டுகோடன் இப்ப எங்கே இருக்கான்?"

எலி வாலைச் சுருட்டிக்கொண்டது. "ஒருநாள் காலையில எடுத்துட்டுப் போனாங்க. திரும்பக் கொண்டு வரலை."

"அதுக்கப்புறம் நீ கூடு கட்டினியா?"

"எனக்கென்ன? என் நரம்பை யாரும் தொடலை. எனக்கு வலி இல்லைன்னுதான் அன்னிக்கே சொன்னேனே!"

"நான் அதைக் கேட்கலை. கூடு கட்டினியா?"

இந்த முறை எலி 'எங்க எடத்துல' என்று தொடங்கவில்லை. அதன் சிவப்புக் கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் இறங்கியது.

இலந்தை ஓடிப்போய் ஒரு வாய் உலர்ந்த நாரும் சருகும் கொண்டு வந்து எலியின் முன்னால் போட்டது.

"இந்தா, நீ கிழி. நான் அடுக்கறேன்" என்றது.

ஒருவருக்கு வலிக்கிறதா என்று அறிய, அவர் காயத்தையும் அழுகையையும் தேடினால் போதாது. முன்பு ஆசை ஆசையாகச் செய்த எதை அவர் சத்தமில்லாமல் விட்டுவிட்டார் என்று பார்க்க வேண்டும்.